ரிச்சி மெக்காவ்: ரக்பியின் ஏழாம் எண் ஆட்டக்காரர் உண்மையில் என்ன செய்கிறார்?

நியூசிலாந்து ரக்பி அணியின் முன்னாள் தலைவர் ரிச்சி மெக்காவைப் பற்றிப் பேச்சு எழும் இடங்களிலெல்லாம் இரண்டு கருத்துகள் மோதிக்கொள்ளும். உலகம் கண்ட மிகச் சிறந்த ரக்பி ஆட்டக்காரர்களில் ஒருவர் என்று ஒரு சாரார் சொல்வார்கள்; நடுவரின் கண்ணுக்குத் தப்பி விதியை மீறுவதையே தொழிலாகக் கொண்டிருந்தவர் என்று மறு சாரார் சொல்வார்கள். இரு தரப்பிலும் பெரும்பாலோர், அவர் களத்தில் செய்த வேலை எது, அந்த வேலைக்கு விதி எந்த அளவுக்கு இடம் கொடுத்தது என்பதை விளக்காமல் தீர்ப்பை மட்டும் வழங்கிவிடுகிறார்கள். ரக்பியைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவருக்கு இதனால் குழப்பம்தான் மிஞ்சுகிறது.

எண்களைப் பார்த்தாலும் குழப்பம் தீர்வதில்லை. 2001 முதல் 2015 வரை மெக்காவ் 148 டெஸ்ட் ஆட்டங்களில் ஆடினார். அவற்றுள் 131 ஆட்டங்களில் நியூசிலாந்து வென்றது. டெஸ்ட் என்றதும் கிரிக்கெட்டின் ஐந்து நாள் ஆட்டம் நினைவுக்கு வரக்கூடும். ரக்பியில் இரு நாடுகளின் முதன்மை அணிகள் மோதும் 80 நிமிட ஆட்டத்துக்கே அந்தப் பெயர். அந்த 148 ஆட்டங்களிலும் சேர்த்து அவர் அடித்த டிரைகள் 27. எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்தி வைப்பதே டிரை. அதற்கு 5 புள்ளிகள். அவருடைய அணியிலேயே ஓரத்தில் ஓடும் ஆட்டக்காரரான டக் ஹவ்லெட் 62 டெஸ்ட்களில் 49 டிரைகள் அடித்திருக்கிறார். அப்படியானால் மெக்காவின் பெருமை எதில் இருக்கிறது? ஒருவர் பிடித்து வீழ்த்தப்படுவதற்கும் அவரைச் சுற்றிக் கூட்டம் கூடுவதற்கும் இடையே கிடைக்கும் ஒரு வினாடியில் இருக்கிறது. அந்த ஒரு வினாடியைப் புரிந்துகொண்டால் அவர்மீதான புகழ்ச்சி, குற்றச்சாட்டு இரண்டையும் எடைபோட முடியும்.

பந்து தரைக்கு வரும் கணம்

ரக்பி யூனியனில் ஓர் அணிக்கு 15 பேர். பந்தைக் கையில் ஏந்தி முன்னோக்கி ஓடலாம், உதைக்கவும் செய்யலாம், ஆனால் கையால் எறிவதென்றால் பக்கவாட்டிலோ பின்னோக்கியோதான் எறிய வேண்டும். பந்தோடு ஓடிவரும் ஒருவரைப் பிடித்துத் தரையில் வீழ்த்துவதற்கு டேக்கிள் என்று பெயர். இதுவரை அநேகருக்குத் தெரியும். குழப்பம் தொடங்குவது இதற்குப் பிறகுதான்.

ரக்பி லீக் என்ற உறவு விளையாட்டில், வீழ்த்தப்பட்டவர் எழுந்து நின்று பந்தைக் காலால் பின்னோக்கி உருட்டுவார். அவருடைய அணியே ஆட்டத்தைத் தொடரும். ரக்பி யூனியனில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. வீழ்ந்தவர் உடனே பந்தை விட்டுவிட வேண்டும். வீழ்த்தியவரும் உடனே அவரை விட்டுவிட்டு எழ வேண்டும் அல்லது விலக வேண்டும். ஆட்டம் நிற்காது, நடுவரும் ஊத மாட்டார். பந்து சட்டப்படி யாருக்கும் சொந்தமில்லாத நிலையில் புல்வெளியில் கிடக்கும். அதை எடுக்க இரு அணிகளுக்கும் உரிமை உண்டு. இந்தப் போட்டி நடக்கும் இடத்தையும் நேரத்தையும் சேர்த்துத்தான் பிரேக்டவுன் என்கிறார்கள். ஒரே ஆட்டத்தில் இது நூறு தடவைக்கு மேல் நிகழ்வது சாதாரணம்.

இந்தப் போட்டியில் நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் ஊர்ப் பேருந்து நிலையத்தை நினைத்துக்கொள்ளலாம். பண்டிகைக் காலத்தில் பேருந்து உள்ளே நுழையும்போதே ஓடிச்சென்று ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிடுபவருக்கு இடம் கிடைக்கிறது. படிக்கட்டில் கூட்டம் முண்டியடிக்கத் தொடங்கிய பிறகு வந்து கையை நீட்டுபவருக்குக் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் சண்டைதான். பிரேக்டவுனிலும் அப்படியே: கூட்டம் கூடுவதற்கு முன் பந்தின்மேல் கை வைத்தவருக்கு உரிமை உண்டு, கூடிய பின் வைப்பவருக்கு இல்லை.

அந்தக் கூட்டத்துக்கு விதிநூலில் ரக் என்று பெயர். இரு அணிகளிலிருந்தும் குறைந்தது ஒருவராவது, காலூன்றி நின்றபடி, தரையில் கிடக்கும் பந்துக்கு மேலாக ஒருவரோடொருவர் முட்டி நிற்கத் தொடங்கியதும் ரக் உருவாகிவிடுகிறது என்பதே மெக்காவ் ஆடிய காலத்து விதி. அதன்பின் யாரும் புதிதாகப் பந்தைக் கையால் தொடக்கூடாது. எதிரணியைத் தள்ளிவிட்டுப் பந்தைக் காலால் பின்னோக்கி இழுக்கலாம். தங்கள் பக்கத்திலிருந்து, பின்புறமாகத்தான் ரக்கில் சேர வேண்டும். பக்கவாட்டில் நுழைவது குற்றம். ரக்கில் சேராதவர்கள் தங்கள் அணியின் கடைசிக் காலுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அதைத் தாண்டி முன்னால் நின்றால் அது ஆஃப்சைடு.

ஆக, ஒருவர் வீழ்த்தப்பட்டதும் பந்து பொதுவாகிவிடுகிறது. ரக் உருவாகும்வரை கையால் எடுக்கலாம். உருவான பின் எடுக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அவகாசம் பெரும்பாலும் ஒரு வினாடி, சில வேளை அதற்கும் குறைவு.

ஏழாம் எண் யாருக்கு?

ரக்பியில் முதுகிலுள்ள எண் ஆட்டக்காரரின் இடத்தைக் குறிக்கும். முன்வரிசையாளர்கள் எட்டுப் பேர் ஒன்றாகப் பிணைந்து எதிரணியின் எட்டுப் பேரோடு முட்டித் தள்ளும் ஏற்பாட்டுக்கு ஸ்க்ரம் என்று பெயர். ஸ்க்ரம் களத்தின் நட்டநடுவில் அமைவது அரிது. எனவே அதன் ஒரு பக்கம் அகலமான வெளியாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருக்கும். அகலமான பக்கத்து விளிம்பில் பிணைந்திருப்பவர் ஓபன்சைட் பிளாங்கர். பெரும்பாலான நாடுகளில் அவருக்கு 7-ஆம் எண். தென்னாப்பிரிக்காவில் மட்டும் வழக்கமாக 6. பந்து பெரும்பாலும் அகலமான பக்கத்துக்கே போகும் என்பதாலும், விளிம்பில் இருப்பவர் பிணைப்பிலிருந்து எளிதில் விடுபடலாம் என்பதாலும், அடுத்த டேக்கிள் நடக்கும் இடத்துக்கு முதலில் சென்றுசேரும் முன்வரிசையாளர் அவராகவே இருப்பார். மெக்காவின் இடம் இதுதான்.

அங்கே போய்ச் சேர்ந்ததும் அவர் செய்யக்கூடியவை மூன்று. காலூன்றி நின்று, குனிந்து, பந்தைப் பிடுங்கி எடுத்துவிடலாம். பந்து இப்படிக் கைமாறுவதை டர்ன்ஓவர் என்பார்கள். பிடுங்க முடியாமல் போனாலும், கீழே கிடப்பவர் பந்தை விடாமல் பற்றிக்கொண்டிருந்தால் நடுவர் அவர்மேல் குற்றம் சாட்டிப் பெனால்டி கொடுப்பார். அந்தப் பெனால்டியைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3 புள்ளிகள். இரண்டும் நடக்காவிட்டால்கூட, எதிரணிக்குப் பந்து வெளிவருவதை இரண்டு வினாடி தாமதப்படுத்திவிட்டால் போதும். அதற்குள் தன் அணியின் தற்காப்பு வரிசை மறுபடி ஒழுங்காக நின்றுவிடும். இந்த மூன்றாவது பயன் எந்தப் புள்ளிப்பட்டியலிலும் ஏறாது. தொலைக்காட்சியில் பந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் கண்ணிலும் படாது. மெக்காவை எண்களால் அளக்க முடியாமல் போவதற்கு இதுவே பெரிய காரணம் என்பேன்.

பள்ளத்தாக்கிலிருந்து டப்ளின் வரை

மெக்காவ் 1980 டிசம்பர் 31 அன்று நியூசிலாந்தின் தென்தீவிலுள்ள ஒமாருவில் பிறந்தார். ஹகதரமேயா பள்ளத்தாக்கில், குடும்பத்தின் பண்ணையில் வளர்ந்தார். டனீடன் நகரின் ஒடாகோ ஆண்கள் உயர்நிலைப் பள்ளியில் விடுதியில் தங்கிப் படித்தார். பிறகு கிறைஸ்ட்சர்ச் அருகிலுள்ள லிங்கன் பல்கலைக்கழகத்தில் வேளாண் அறிவியலில் சேர்ந்தார். கேன்டர்பரி மாகாண அணியும் க்ரூசேடர்ஸ் அணியும் அவருடைய உள்நாட்டு அணிகள்.

2001 நவம்பர் 17 அன்று டப்ளினில் அயர்லாந்துக்கு எதிராக அவர் முதல் டெஸ்ட் ஆடியபோது வயது 20. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் வட்டார அணிகள் மோதும் சூப்பர் 12 தொடரில் அதுவரை அவர் ஆடியிருந்தது சில நிமிடங்கள்தான். இவ்வளவு அனுபவக் குறைவானவருக்கு நியூசிலாந்து அணியின் கறுப்புச் சட்டையைக் கொடுப்பதா என்று எதிர்ப்பு எழுந்தது. அதே 7-ஆம் எண்ணை முன்பு அணிந்திருந்த ஜோஷ் க்ரான்ஃபெல்டே வெளிப்படையாகக் குறைகூறினார். நியூசிலாந்து 40–29 என வென்றது. ஆட்டத்தின் சிறந்த வீரர் விருது மெக்காவுக்குப் போனது.

2006-இல் டானா உமாகாவுக்குப் பின் நிரந்தர அணித்தலைவரானார். மொத்தம் 110 டெஸ்ட்களில் அவர் தலைமை தாங்கினார். உலகின் சிறந்த ரக்பி வீரருக்கான விருதை 2006, 2009, 2010 என மூன்று முறை பெற்றார். ஆனால் அந்த ஆண்டுகளில் நியூசிலாந்தில் இந்த விருதுகளைவிட அதிகம் பேசப்பட்டவை உலகக் கோப்பைத் தோல்விகளே: 2003-இல் சிட்னியில் அரையிறுதியில் ஆஸ்திரேலியாவிடம் 22–10, 2007-இல் கார்டிஃபில் காலிறுதியில் பிரான்ஸிடம் 20–18. இரண்டாவது தோல்வியின்போது தலைவராக இருந்தவர் மெக்காவ். அவரை நீக்க வேண்டும் என்ற குரல்களுக்கு நியூசிலாந்து ரக்பி நிர்வாகம் செவிசாய்க்கவில்லை.

ஏமாற்றுக்காரர் என்ற பட்டம் எங்கிருந்து வந்தது?

மேலே சொன்ன விதியை மறுபடி பார்த்தால், அதில் நடுவரின் கண்ணை நம்பியே முடிவாகும் சங்கதிகள் எத்தனை என்பது விளங்கும். கை வைத்தபோது ரக் உருவாகிவிட்டதா, அதற்கு அரை வினாடி முன்னதாகவா? குனிந்தவர் தன் காலிலேயே நிற்கிறாரா, வீழ்ந்தவர்மேல் எடையைப் போட்டுச் சாய்ந்திருக்கிறாரா? வீழ்த்தியவர் உண்மையிலேயே பிடியை விட்டாரா? இவற்றை, பதினைந்து இருபது கால்கள் சூழ்ந்த இடத்தில், ஒரே ஒரு நடுவர் ஓடிக்கொண்டே பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஆகவே ஒரே செயல் ஒரு நடுவரிடம் டர்ன்ஓவராகவும் இன்னொருவரிடம் பெனால்டியாகவும் முடியலாம்.

மெக்காவ் காலத்தில் இன்னொரு சலுகையும் இருந்தது. மற்றவர்கள் பந்தை அணுகத் தங்கள் பக்கத்துப் பின்புறமாக வர வேண்டும். டேக்கிள் செய்தவர் மட்டும், தரையிலிருந்து எழுந்து நின்றுவிட்டால், எந்தத் திசையிலிருந்தும் பந்தை எடுக்கலாம். எதிரணியின் பக்கத்தில் விழுந்து அங்கேயே எழுந்து பந்தைப் பிடுங்குவது பார்ப்பவருக்கு அப்பட்டமான ஆஃப்சைடாகத் தோன்றும். விதிப்படி அதில் தவறில்லை. அவர்மீது எழுந்த கூச்சலில் ஒரு பகுதிக்குக் காரணம் இந்த விதியைப் பார்வையாளர்கள் அறியாமையே.

எல்லாமே அறியாமை என்று சொல்லிவிட்டு நழுவுவதும் நேர்மையாகாது. மெக்காவ் அடிக்கடி பெனால்டி வாங்கியவர். விழுந்த இடத்திலிருந்து விலகுவதற்குத் தேவையானதைவிடச் சற்று அதிக நேரம் எடுத்துக்கொள்வது, எதிரணியின் பந்து எறிபவருக்கு வழியில் கிடப்பது போன்றவை அவர் ஆட்டத்தில் இருக்கத்தான் செய்தன. இதில் ஒரு கணக்கு இருக்கிறது: எதிரணி டிரை அடிக்கும் நிலையில் இருக்கும்போது, பந்தைத் தாமதப்படுத்தி ஒரு பெனால்டி கொடுத்தால் இழப்பு 3 புள்ளிகள், விட்டுவிட்டால் 5, அதன்பின் உதைக்கு மேலும் 2. இந்தக் கணக்கு தெரிந்ததால்தான் தொடர்ந்து தவறு செய்பவருக்கு மஞ்சள் அட்டை காட்டி 10 நிமிடம் வெளியே உட்காரவைக்கும் அதிகாரத்தை விதி நடுவருக்குக் கொடுத்திருக்கிறது. எல்லாச் சிறந்த ஓபன்சைட் பிளாங்கர்களும் இந்தக் கணக்கைப் போடுகிறவர்களே. ஆஸ்திரேலியாவின் ஜார்ஜ் ஸ்மித்தும் டேவிட் போகாக்கும் விலக்கில்லை.

மெக்காவிடம் தனித்துத் தெரிந்தது, ஒவ்வொரு நடுவரின் எல்லைக்கோடும் எங்கே இருக்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்துவிடும் திறமை. முதல் சில பிரேக்டவுன்களில் கை வைத்துப் பார்ப்பார். நடுவர் ஊதினால் அடுத்த முறை அந்த அளவுக்குப் போக மாட்டார். ஊதாவிட்டால் அதையே ஆட்டம் முழுவதும் செய்வார். அணித்தலைவர் என்பதால் நடுவரிடம் நேரடியாகக் கேட்டு விளக்கம் பெறும் வாய்ப்பும் அவருக்கு இருந்தது.

விதியே மாறியபோது அவர் என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். 2009-இல், ரக் உருவாகும் முன்பே காலூன்றி நின்று பந்தில் கை வைத்தவர், அதன்பின் ரக் உருவானாலும் கையை எடுக்கத் தேவையில்லை என்று விளக்கம் தரப்பட்டது. பேருந்தில் துண்டு போட்டவரின் உரிமை எழுத்தில் உறுதியானது போல. அடுத்த ஆண்டே, வீழ்த்தியவர் தெளிவாகப் பிடியை விட்டுவிட்டுத்தான் பந்துக்குப் போக வேண்டும் என்று நடுவர்கள் கறாராகத் தொடங்கினார்கள். முதல் மாற்றம் அவருக்குச் சாதகம், இரண்டாவது பாதகம். அந்த இரண்டு ஆண்டுகளிலும் உலகின் சிறந்த வீரர் விருது அவருக்கே கிடைத்தது. நடுவரின் கண்ணைக் கட்டித்தான் பிழைத்தார் என்றால் கறார் வந்த ஆண்டில் அவர் தேய்ந்திருக்க வேண்டும்.

சுருங்கச் சொன்னால், அவர் விதியின் விளிம்பில் ஆடினார், சில வேளை விளிம்பைத் தாண்டினார், தாண்டியபோது பெரும்பாலும் விலை கொடுத்தார்.

2011: ஒரு ஏழாம் எண் எவ்வளவு பெறுமானம்?

இந்த வேலையின் மதிப்பை அறிய மெக்காவைவிட நல்ல சாட்சி அவருடைய போட்டியாளர்தான். 2011 உலகக் கோப்பையின் முதல் சுற்றில், முதுகுவலியால் போகாக் ஆடாத நிலையில், ஆஸ்திரேலியா ஆக்லாந்தில் அயர்லாந்திடம் 15–6 எனத் தோற்றது. போகாக் திரும்பிவந்த காலிறுதியில் தென்னாப்பிரிக்கா பந்தைப் பெரும்பகுதி நேரம் தன் கையிலேயே வைத்திருந்தது. ஆனால் அதன் பிரேக்டவுன் நிபுணர் ஹைன்ரிக் ப்ருசோ தொடக்கத்திலேயே காயமடைந்து வெளியேற, போகாக் பந்தைத் திரும்பத் திரும்பப் பறித்தார். ஆஸ்திரேலியா 11–9 என வென்றது. அன்று நடுவர் அவரைக் கண்டிக்கத் தவறினார் என்று தென்னாப்பிரிக்கர்கள் கொதித்தார்கள். மெக்காவ்மீது சொல்லப்படும் அதே புகார், வேறொரு சட்டையின்மேல்.

அரையிறுதியில் இருவரும் நேருக்கு நேர். அந்த ஆண்டின் தொடக்கத்தில் மெக்காவின் பாதத்தில் முறிவுக்காகத் திருகாணி பொருத்தப்பட்டிருந்தது. தொடரின்போது அதே பாதம் மறுபடி முறிந்திருந்தது. வார நாட்களில் பயிற்சியைக் குறைத்துக்கொண்டு வார இறுதியில் ஆடினார். நியூசிலாந்து 20–6 என வென்றது. காலிறுதியில் கண்ட போகாக்கை அன்று காண முடியவில்லை.

இறுதியாட்டம் அக்டோபர் 23 அன்று ஈடன் பார்க்கில் பிரான்ஸுக்கு எதிராக நடந்தது. முதன்மை உதைகாரர் டான் கார்ட்டர் காயத்தால் தொடரைவிட்டே விலகியிருந்தார். அவருக்குப் பதிலாக வந்தவர்களும் ஒவ்வொருவராக விழ, கடைசியில் அழைக்கப்பட்ட ஸ்டீவன் டொனால்டின் பெனால்டி உதைதான் முடிவைத் தீர்மானித்தது. 8–7. ஆட்டத்தின் சிறந்த வீரர் பிரான்ஸின் பிளாங்கரும் தலைவருமான தியரி துசோத்வார். நியூசிலாந்து விதிமீறலால் தப்பியது என்று பிரெஞ்சு ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள். ஒரு புள்ளியில் முடிந்த ஆட்டத்தில் எந்த ஒரு பிரேக்டவுன் தீர்ப்பும் கோப்பையை மாற்றியிருக்கும் என்பதால் அந்த மனக்குறை புரிந்துகொள்ளத்தக்கதே.

பிற்காலமும் அதன் பின் வந்த விதியும்

முப்பதைக் கடந்த உடலால் ஒவ்வொரு பிரேக்டவுனுக்கும் முதலில் போய்ச் சேர முடியாது. 2012-இல் ஹாமில்டனில் அயர்லாந்தை 60–0 என வென்ற டெஸ்டில் இளைஞர் சாம் கேன் 7-ஆம் எண்ணில் இறங்க, மெக்காவ் ஸ்க்ரமின் பின்முனையில் 8-ஆம் எண்ணில் ஆடினார். 7-க்கே அவர் திரும்பிவந்தாலும் ஆட்டத்தின் தன்மை மாறியிருந்தது: பந்து பறிப்பதைக் குறைத்துக்கொண்டு, டேக்கிள் செய்வதிலும் பந்தை ஏந்தி முட்டி முன்னேறுவதிலும் உழைப்பைக் கூட்டினார்.

2015 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில், வெம்ப்ளியில், அர்ஜென்டினா வீரர் ஒருவரைக் காலை நீட்டி இடறிவிட்டதற்காக மஞ்சள் அட்டை பெற்றார். இது விளிம்பும் இல்லை, வினாடியும் இல்லை; வெறும் தவறு. அக்டோபர் 31 அன்று ட்விக்கென்ஹாமில் ஆஸ்திரேலியாவை 34–17 என வென்று, இரண்டு உலகக் கோப்பைகளை வென்ற முதல் அணித்தலைவரானார். நவம்பர் 19 அன்று ஓய்வை அறிவித்தார். அவருடைய 148 என்ற எண்ணிக்கையை 2020-இல் வேல்ஸின் அலன் வின் ஜோன்ஸ் தாண்டினார். நியூசிலாந்தருக்குள் 2023-இல் சாம் ஒயிட்லாக் தாண்டினார்.

அவர் ஓய்வுபெற்றபின் விதி மறுபடி மாறியது. 2017-இல் சோதனையாகத் தொடங்கி 2018-இல் நிலைபெற்ற மாற்றத்தின்படி, டேக்கிள் செய்தவரும் இனித் தன் அணியின் பக்கத்திலிருந்துதான் பந்தை அணுகலாம். எந்தத் திசையிலிருந்தும் எடுக்கலாம் என்ற சலுகை ஒழிந்தது. இரு அணியினரும் முட்டி நின்று ரக் உருவாகும் முன்பே, டேக்கிளுக்குப் பின் பந்தின்மேல் ஒருவர் காலூன்றி நின்றாலே ஆஃப்சைடு கோடு பிறந்துவிடுகிறது. எனவே இன்றைய விதியை மனதில் வைத்துக்கொண்டு பழைய ஒளிப்பதிவைப் பார்ப்பவருக்கு, மெக்காவ் அன்று விதிப்படி எடுத்த பந்துகளில் பலவும் திருட்டாகவே தெரியும். அந்தப் பதிவுகளைப் பார்க்கும்போது, பந்தை ஏந்தி ஓடுபவரை விட்டுவிட்டு, அவர் விழப்போகும் இடத்தை நோக்கி முன்கூட்டியே திரும்பும் 7-ஆம் எண்ணைத் தேடுங்கள்; அவர் எழுந்து நின்றாரா, கை முதலில் போனதா, ரக் முதலில் உருவானதா என்ற வரிசையில் பாருங்கள். வேகத்தைக் குறைத்து ஓடவிட்டாலும் சில இடங்களில் முடிவு சொல்ல முடியாமல் திணறுவீர்கள். களத்தில் இருந்த நடுவருக்கு அந்த வசதியும் இருக்கவில்லை.